ஸீகேஷின் 2018: ஆண்டுக் கணக்கில் எழுத முடியாத எட்டு மாதம்

டிசம்பர் வந்தால் கிரிப்டோ திட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி ஒரு கட்டுரை எழுதும். இந்த ஆண்டு எத்தனை வெளியீடு, எத்தனை புது ஆட்கள், எந்தச் சந்தையில் இடம் கிடைத்தது, அடுத்த ஆண்டு என்ன செய்யப் போகிறோம். இந்த மாதிரி அறிக்கைகளை உட்கார்ந்து படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. படிச்சு முடிச்சதும் ஒரே கேள்விதான் வரும்: இதுல சொல்லாம விட்டது என்ன? பெரும்பாலும் பதில் கிடைக்காது. ஆனால் ஒரு திட்டம், ஒரு ஆண்டு, அந்தக் கேள்விக்கு முழுப் பதிலையும் பின்னால் தானே எழுதி வைத்திருக்கிறது. அந்தத் திட்டம் ஸீகேஷ். அந்த ஆண்டு 2018.

தெரியாதவர்களுக்காக முதலில் ஸீகேஷ் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பிட்காயின் கணக்குப் புத்தகம் கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி. யார் எவ்வளவு எழுதினார்கள் என்று யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். பெயருக்குப் பதிலாக ஒரு நீளமான எண் இருக்கும், அவ்வளவுதான் மறைப்பு. அந்த எண் இன்னாருடையது என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் போதும், அவருடைய பழைய வரவு செலவெல்லாம் கூடவே வெளியே வந்துவிடும். இதைச் சரி செய்ய 2013இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஸீரோகாயின் என்று ஒரு யோசனையை எழுதினார்கள். 2014இல் இன்னும் சிலர் சேர்ந்து அதை ஸீரோகேஷ் என்ற முழு வடிவமாக்கினார்கள். 2016 அக்டோபர் 28 அன்று அது ஸீகேஷ் என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. பிட்காயினைப் போலவே மொத்தம் 2.1 கோடி காசு, அதற்கு மேல் கிடையாது.

ஸீகேஷில் இரண்டு வகை முகவரிகள். ஒன்று வெளிப்படையானது, பிட்காயின் மாதிரியே. இன்னொன்று மறைவானது. மறைவான முகவரியிலிருந்து மறைவான முகவரிக்குப் பணம் போனால் அனுப்பியவர், பெற்றவர், தொகை மூன்றுமே புத்தகத்தில் தெரியாது. அப்புறம் எதைத்தான் எழுதுவார்கள்? ஒரு நிரூபணத்தை. "என்னிடம் உண்மையாகவே ஒரு காசு இருக்கிறது, அதை நான் இதற்கு முன் செலவழிக்கவில்லை, உள்ளே வந்த தொகையும் வெளியே போகிற தொகையும் சமம்" என்று சொல்கிற சில நூறு பைட் அளவுள்ள ஒரு கணித நிரூபணம். எந்தக் காசு, எவ்வளவு என்று அது சொல்லாது. மைனர்கள் அந்த நிரூபணம் சரியா என்று மட்டும் பார்த்து ஏற்றுக்கொள்வார்கள். இதற்குத்தான் ஜீரோ-நாலெட்ஜ் நிரூபணம் என்று பெயர். இதில் ஸீகேஷ் பயன்படுத்தும் வகை ஸ்நார்க்.

இந்த நிரூபணத்திடம் நாம் இரண்டு விஷயங்களை எதிர்பார்க்கிறோம். ஒன்று, உள்ளே இருப்பதைக் காட்டிக் கொடுக்கக் கூடாது. இரண்டு, பொய்யான கூற்றுக்கு நிரூபணம் தயாரிக்கவே முடியக் கூடாது. முதலாவது உடைந்தால் அந்தரங்கம் போகும். இரண்டாவது உடைந்தால் இல்லாத காசை இருக்கிறது என்று "நிரூபித்து" யாரோ ஒருவர் அச்சடித்துக்கொண்டே இருக்கலாம். அந்தரங்கக் காசு என்றதும் எல்லோரும் முதலாவதைப் பற்றித்தான் பேசுவார்கள். இந்தக் கதை இரண்டாவதைப் பற்றியது.

இன்னும் ஒரு சின்ன முன்கதை வேண்டும். அந்தக் கால ஸ்நார்க்குகளுக்கு ஆரம்பத்தில் ஒரு செட்டப் தேவை. சில ரகசிய எண்களை வைத்துப் பொது அளவுருக்களை உண்டாக்கிவிட்டு, அந்த ரகசிய எண்களை அழித்துவிட வேண்டும். அழியாமல் ஒருவர் கையில் இருந்தால் அவர் கள்ளக்காசு அடிக்கலாம். அதனால் அதற்கு "நச்சுக் கழிவு" என்றே பெயர். 2016இல் ஆறு பேர், வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு, ரகசியத்தை ஆறு துண்டாகப் பிரித்து இதைச் செய்தார்கள். ஆறு பேரில் ஒருவர் தன் துண்டை ஒழுங்காக அழித்தாலும் போதும். புனைபெயரில் கலந்துகொண்ட ஒருவர் எட்வர்ட் ஸ்னோடன் என்பது 2022இல்தான் வெளியே தெரிந்தது. இந்தச் சடங்கில் நடந்த ஒவ்வொரு படியும் ஒரு பெரிய பதிவுக் கோப்பாகச் சேமிக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் இறக்கிச் சரிபார்க்கலாம் என்று இணையத்திலும் வைத்தார்கள். அந்தக் கோப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, 2018க்கு வருவோம். வெளியே தெரிந்த 2018 நிஜமாகவே நல்ல ஆண்டுதான்.

அதுவரை இருந்த முதல் வடிவத்துக்கு ஸ்ப்ரௌட் என்று பெயர். அதில் ஒரு மறைவான பரிவர்த்தனை தயாரிக்க 3 ஜிபிக்கு மேல் மெமரியும் ஏறக்குறைய 40 விநாடியும் தேவைப்பட்டது. போனில் நினைத்தே பார்க்க முடியாது. வாலட் எழுதுகிறவர்கள், சந்தைகள் எல்லோரும் சுலபமான வழியாக வெளிப்படை முகவரியையே பயன்படுத்தினார்கள். அந்தரங்கத்துக்கென்று பிறந்த காசு, பெரும்பாலும் பிட்காயின் மாதிரியே திறந்த வெளியில் ஓடிக்கொண்டிருந்தது. இதை மாற்றத்தான் சாப்ளிங் என்ற அப்கிரேடு. ஷான் போ உருவாக்கிய பிஎல்எஸ்12-381 என்ற புது நீள்வளைவு, யென்ஸ் க்ரோத் 2016இல் வெளியிட்ட நிரூபண முறை, சுற்றுகளை அடியோடு மாற்றி எழுதியது என்று எல்லாம் சேர்ந்து மெமரி 40 எம்பி அளவுக்கும் நேரம் சில விநாடிகளுக்கும் இறங்கியது. (அந்த நீள்வளைவை எதீரியம் உட்பட ஸீகேஷோடு சம்பந்தமே இல்லாத பலரும் பின்னால் எடுத்துக்கொண்டார்கள். இந்தத் திட்டம் உலகத்துக்குத் தந்ததில் நான் முதலில் வைப்பது அதைத்தான்.)

புது முறைக்குப் புதுச் சடங்கு வேண்டும். இந்தத் தடவை ஆறு பேர் இல்லை. பவர்ஸ் ஆஃப் டாவ் என்ற முதல் கட்டத்தில் மட்டும் 87 பேர் கலந்துகொண்டார்கள். இதில் ஒரு காட்சி மறக்க முடியாதது. இரண்டு பேர் செர்னோபில் அணு உலையிலிருந்து வந்த கிராஃபைட் துண்டை வைத்துக்கொண்டு, ஒரு சின்ன விமானத்தில் ஏறி வானத்தில் பறந்தபடி, அதன் கதிரியக்கத் துடிப்புகளை எண்ணித் தற்செயல் எண்களை உண்டாக்கினார்கள். வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து அறையில் ஆன்டெனா வைத்து ஒட்டுக்கேட்கக் கூடாது, கணினியின் தற்செயல் எண்களை நம்பக் கூடாது என்ற இரண்டு கவலைகளுக்கும் அது நேரான பதில். ஜூனில் ஓவர்விண்டர் என்ற முன்னேற்பாட்டு அப்கிரேடு வந்தது. அக்டோபர் 28 அன்று, சங்கிலி தொடங்கி சரியாக இரண்டு ஆண்டு கழித்து, சாப்ளிங் இயங்கத் தொடங்கியது.

மற்றதெல்லாம் வழக்கமான ஏற்ற இறக்கம். மே மாதம் நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறையின் அனுமதியோடு ஜெமினி சந்தை ஸீகேஷைச் சேர்த்தது. ஜூனில் ஜப்பானின் காயின்செக் அதை நீக்கியது. விலை ஜனவரியில் 800 டாலரைத் தாண்டியது, டிசம்பரில் 60 டாலருக்குக் கீழே கிடந்தது. அந்த ஆண்டு யாருடைய விலைதான் விழவில்லை.

ஆகஸ்டில் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரைதான் கொஞ்சம் வலித்திருக்கும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த நான்கு பேர் ஸீகேஷ் சங்கிலியை மட்டும் வைத்து, எந்தக் கணிதத்தையும் உடைக்காமல், பழக்கவழக்கங்களைப் பார்த்தே மறைவுக் கூட்டத்தின் அளவை 69.1 சதவீதம் குறைத்துக் காட்டினார்கள். எப்படி? மைனர்களும் நிறுவனர்களும் தங்கள் காசை உள்ளே போட்டு வெளியே எடுக்கும் விதம் இயந்திரம் மாதிரி ஒரே சீராக இருந்தது. திரும்பத் திரும்ப 250.0001 என்று ஒரே தொகை வெளியே வந்தால் அது யாருடையது என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. பூட்டு நல்ல பூட்டு, ஆனால் சாவியைப் போட்டவர் தினமும் அதே நேரத்துக்கு அதே சட்டையில் வந்து போனார்.

இதோடு 2018 முடிந்திருந்தால் நல்லதும் கெட்டதும் கலந்த ஒரு சாதாரண ஆண்டறிக்கை எழுதியிருக்கலாம். முடியவில்லை. மார்ச் 1 ஒன்று இருக்கிறது.

அன்று ஏரியல் கபிஸோன் என்ற ஆராய்ச்சியாளர் கரீபியன் தீவான குராசாவோவில் இருந்தார். ஃபைனான்ஷியல் கிரிப்டோகிராஃபி மாநாட்டுக்காக வந்திருந்தார், மறுநாள் அவருக்குப் பேச்சு. அவர் அப்போது ஸீகேஷ் நிறுவனத்தில்தான் வேலை பார்த்தார். ஸ்ப்ரௌட் பயன்படுத்திய நிரூபண முறை 2014இல் பென்-சாஸன், கியேசா, ட்ரோமர், விர்ஸா ஆகிய நான்கு பேர் எழுதிய கட்டுரையில் உள்ளது. அந்தக் கட்டுரையில் ஓர் ஓட்டை இருப்பதை அன்று இரவு கண்டுபிடித்தார். அன்றே ஷான் போவிடம் சொன்னார். அவர் பார்த்துவிட்டு ஆமாம் என்றார். மாநாட்டு ஹோட்டலில் அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

ஓட்டை என்னவென்றால், செட்டப்பில் அளவுருக்கள் தயாரிக்கும்போது, நிரூபணத்துக்குத் தேவையே இல்லாத சில கூடுதல் உறுப்புகளும் கூடவே கணக்கிடப்பட்டன. 2013இல் வந்த பினோக்கியோ என்ற மூல முறையில் அவை கிடையாது. அதைக் கொஞ்சம் மாற்றி வேகமாக்கியபோது உள்ளே வந்துவிட்டன. சும்மா கிடந்தால் பரவாயில்லை. ஆனால் அவை கையில் இருந்தால், ஒரு கூற்றுக்குச் சரியாகத் தயாரித்த நிரூபணத்தை எடுத்து, இன்னொரு கூற்றுக்கான நிரூபணமாக மாற்றிவிடலாம். முறைகேட்டைத் தடுக்க வைத்த ஒரு பரிசோதனை அப்போது ஏமாந்துவிடும். அதாவது "என்னிடம் ஒரு காசு இருக்கிறது" என்ற உண்மையான நிரூபணத்தை "என்னிடம் லட்சம் காசு இருக்கிறது" என்று திருத்தி எழுதலாம், மைனர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பயனர்கள் இறக்கிக்கொள்ளும் அளவுருக் கோப்பில் அந்தக் கூடுதல் உறுப்புகள் இல்லை. நல்ல வேளை. ஆனால் சடங்கின் பதிவுக் கோப்பில் இருந்தன. ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அதே கோப்பு. எங்களை நம்ப வேண்டாம், நீங்களே சரிபாருங்கள் என்று ஊருக்குத் திறந்து வைத்த கோப்பு.

இத்தனை நாள் யாரும் எப்படிப் பார்க்கவில்லை? 2015இலேயே பிரையன் பார்னோ அதே கட்டுரையில் வேறோர் ஓட்டையைக் கண்டுபிடித்து, அது சரி செய்யப்பட்டது. ஸீகேஷ் நிரலை நிபுணர்கள் தணிக்கை செய்தார்கள். தணிக்கை செய்தவர்கள் நிரல் கட்டுரைப்படி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருந்தது. தப்பு கட்டுரையிலேயே இருந்தது. மூல முறைக்குப் பாதுகாப்பு நிரூபணம் இருக்கிறது, இது அதன் சின்ன மாறுதல்தானே என்று அந்த மாறுதலுக்குத் தனியாக முழு நிரூபணம் எழுதப்படவில்லை. எனக்கு இதில் யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் "சின்ன மாறுதல்தான்" என்று எங்கே படித்தாலும் இப்போதெல்லாம் பென்சிலால் கோடு போட்டுவிடுகிறேன்.

இந்த இடத்தில் பிட்காயினோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விஷயத்தின் கனம் புரியும். 2010 ஆகஸ்ட் 15 அன்று பிட்காயினிலும் ஒருவர் கள்ளக்காசு அடித்தார். 74638ஆம் பிளாக்கில், எண் நிரம்பி வழிகிற ஒரு தப்பைப் பயன்படுத்தி, 18,400 கோடிக்கும் மேலான காசை ஒரே பரிவர்த்தனையில் உண்டாக்கினார். ஆனால் மொய் நோட்டு திறந்தே கிடக்கிறதே, உடனே கண்ணில் பட்டுவிட்டது. சில மணி நேரத்தில் திருத்தம் வந்து, அந்தச் சங்கிலியைக் கைவிட்டு வேறு சங்கிலியில் தொடர்ந்தார்கள். ஸீகேஷில் தொகை தெரியாது. தொகை தெரியாத இடத்தில் தொகை கூடினால் யாருக்குத் தெரியும்? இது வடிவமைப்பில் விட்ட பிழை இல்லை. தொகையை மறைக்கிற எந்தக் காசுக்கும் இது உண்டு. மொத்தம் 2.1 கோடிதான் என்ற வாக்குறுதியை மறைவான பகுதிக்குள் யாரும் எண்ணிப் பார்க்க முடியாது, நிரூபணத்தின் கணிதத்தை நம்புவதைத் தவிர வழியில்லை. அந்தக் கணிதத்தில்தான் ஓட்டை.

விஷயம் நான்கு பேரோடு நின்றது. கபிஸோன், போ, நிறுவனத் தலைவர் ஸூகோ வில்காக்ஸ், தொழில்நுட்பத் தலைவர் நேதன் வில்காக்ஸ். கூட வேலை பார்த்தவர்களுக்கும் தெரியாது.

அவர்கள் முன்னால் இருந்த வழிகளைப் பாருங்கள். வெளியே சொன்னால், திருத்தம் தயாராகும் முன்பே யாராவது கள்ளக்காசு அடிப்பார்கள். அவசரமாக ஒரு திருத்தம் விட்டால், ஏன் இந்த அவசரம் என்று கூர்ந்து பார்க்கிறவர்கள் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த உலகத்தில் ஒவ்வொரு வரி மாற்றமும் ஊர் முன்னால்தான் நடக்கும். சொல்லாமல் சங்கிலியை நிறுத்தவும் முடியாது. அவர்கள் எடுத்த முடிவு, சாப்ளிங்குக்குள்ளேயே மருந்தைக் கலப்பது. சாப்ளிங் எப்படியும் க்ரோத் முறைக்கு மாறப் போகிறது. பழைய ஸ்ப்ரௌட் முகவரிகளையும் சேர்த்து அதே முறைக்கு மாற்றிவிட்டால் ஓட்டை தானாக அடைபடும், யாருக்கும் சந்தேகம் வராது, அது இயல்பான சுத்தப்படுத்தல் மாதிரிதான் தெரியும்.

மார்ச் 1 முதல் அக்டோபர் 28 வரை 241 நாள். மேலே நான் எழுதிய ஜெமினி அனுமதி, ஓவர்விண்டர், லண்டன் கட்டுரை எல்லாம் இந்த 241 நாளுக்குள்தான் நடந்தது. ஒவ்வொரு பேட்டியிலும் மேடையிலும் அந்த நான்கு பேர் இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறார்கள்.

பதிவுக் கோப்பை உடனே இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கே என்று கேட்டவர்களுக்கு, தவறுதலாக அழிந்துவிட்டது என்று பதில் சொல்லப்பட்டது. அது பொய். பின்னால் அவர்களே அதை ஒப்புக்கொண்டார்கள். சாப்ளிங் வந்தபின், சடங்கில் கலந்துகொண்டவர்களிடமிருந்து சேகரித்திருந்த டிவிடிகளிலிருந்து கோப்பை மறுபடி ஒன்று சேர்த்து வெளியிட்டார்கள்.

இந்தப் பொய்யைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாகவே இரண்டு மனம். வேறு என்னதான் சொல்லியிருக்க முடியும்? "சொல்ல முடியாது" என்றாலே அந்தக் கோப்பில் ஏதோ இருக்கிறது என்று காட்டிக்கொடுத்ததாகும். அது புரிகிறது. ஆனால் அந்தக் கோப்பின் வேலையே, சடங்கு நேர்மையாக நடந்ததா என்று வெளியாள் சரிபார்ப்பதுதான். எட்டு மாதம் யாராலும் சரிபார்க்க முடியவில்லை, அதற்குச் சொன்ன காரணமும் பொய். நம்பிக்கை தேவையில்லை, கணிதமே போதும் என்று விற்ற பொருள், கடைசியில் நான்கு மனிதர்களின் நேர்மையில் நின்றது. அவர்களில் ஒருவர் நினைத்திருந்தால் காசு அச்சடித்திருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. செய்யவில்லை என்று நான் நம்புகிறேன். பாருங்கள், நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது.

மற்றவர்கள் இதைவிட நேராக நடந்தார்களா என்றால், இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பிட்காயின் மென்பொருளிலும் காசைப் பெருக்கக்கூடிய ஒரு தப்பு கண்டுபிடிக்கப்பட்டது. திருத்தத்தை வெளியிட்டபோது கணினிகளை முடக்கக்கூடிய பாதியை மட்டும் சொல்லிவிட்டு, கள்ளக்காசுப் பாதியை இரண்டு நாள் சொல்லாமல் வைத்தார்கள். 2017இல் மொனெரோவும் இதே மாதிரி ஒரு தப்பை முதலில் ரகசியமாகச் சரி செய்துவிட்டுப் பிறகுதான் அறிவித்தது. ஆக, மறைப்பது இந்தத் தொழிலின் பழக்கம். ஸீகேஷ் விஷயத்தில் நீளம்தான் வேறு: இரண்டு நாள் எங்கே, 241 நாள் எங்கே.

அடைத்தபின்னும் உடனே சொல்லவில்லை. ஸீகேஷ் நிரலை நகலெடுத்து ஓடிக்கொண்டிருந்த வேறு காசுகளிலும் அதே ஓட்டை இருந்ததே. நவம்பர் 13 அன்று ஹொரைஸன், கொமோடோ இரண்டுக்கும் ரகசியமாகத் தகவல் அனுப்பி, சரி செய்ய நேரம் கொடுத்தார்கள். 2019 பிப்ரவரி 5 அன்று, சாப்ளிங் முடிந்து 100 நாள் கழித்து, முழுவதையும் எழுதி வெளியிட்டார்கள். என்ன கண்டுபிடித்தோம், யாருக்குத் தெரியும், என்ன பொய் சொன்னோம், ஏன் யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைக்கிறோம், எல்லாம். இந்த வகை எழுத்தில் நான் படித்ததிலேயே நேர்மையான ஆண்டறிக்கை அதுதான். ஆண்டறிக்கை என்று அதற்குப் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

யாரும் பயன்படுத்தவில்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்? அவர்கள் சொன்ன காரணங்களில் சில பலவீனமானவை. இந்த ஓட்டையைக் காணும் அளவுக்குத் திறமை உலகத்தில் மிகச் சிலருக்கே உண்டு என்பது ஒன்று. அந்தச் சிலரில் ஒருவர் கெட்டவராக இருந்தால் போதுமே. பலமான காரணம் கணக்கு சார்ந்தது, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

மறைவான பகுதியை விளக்கில்லாத ஒரு நெல் கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே யார் மூட்டை யாருக்கு மாறுகிறது என்று தெரியாது. ஆனால் வாசலில் ஒரு கேட் ரெஜிஸ்டர் இருக்கிறது. வெளிப்படை முகவரியிலிருந்து உள்ளே போகும்போதும், உள்ளிருந்து வெளிப்படை முகவரிக்கு வரும்போதும் தொகை தெரியும். உள்ளே போன மொத்தம் ஆயிரம் மூட்டை, வெளியே வந்தது ஆயிரத்து ஒன்று என்றால், உள்ளே யாரோ மூட்டை செய்திருக்கிறார்கள். ஸ்ப்ரௌட் கிடங்கில் அப்படி ஆகவில்லை. இருப்பு எப்போதும் பூஜ்யத்துக்கு மேலேதான் இருந்தது. சாப்ளிங் புதுக் கிடங்கு. பழையதிலிருந்து நேராகப் புதியதுக்குப் போக முடியாது, வாசல் வழியாக வெளிச்சத்துக்கு வந்து, தொகையைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இதை டர்ன்ஸ்டைல் என்பார்கள், மெட்ரோ ஸ்டேஷனில் ஆளை எண்ணி விடுகிற சுழல் கம்பி மாதிரி. பின்னால் இன்னொரு விதியும் சேர்ந்தது: எந்தக் கிடங்கின் இருப்பும் பூஜ்யத்துக்குக் கீழே போகும்படியான பிளாக்கை யாரும் ஏற்கக் கூடாது.

இதனால் 2.1 கோடி என்ற மொத்த வரம்பு காப்பாற்றப்படுகிறது. ஒருவர் உள்ளே எவ்வளவு கள்ளக்காசு அடித்தாலும், உள்ளே போனதற்கு மேல் வெளியே எடுக்க முடியாது. ஸீகேஷ்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், பெருமைப்பட வேண்டியதும்தான். ஆனால் யாரைக் காப்பாற்றுகிறது என்று பாருங்க. கிடங்குக்கு வெளியே இருப்பவரை. உள்ளே இருப்பவருக்கு அது பாதுகாப்பே இல்லை. கள்ள மூட்டை செய்தவன் முதலில் வந்து நல்ல மூட்டைக் கணக்கில் வெளியே எடுத்துக்கொண்டு போய்விட்டால், கடைசியில் வருகிற நேர்மையான ஆளுக்கு ரெஜிஸ்டர் "இருப்பு இல்லை" என்று சொல்லும். சீட்டுக் கம்பெனி மூடுகிற அன்று வாசலில் கடைசியாக நின்றவர் நிலைமைதான். அந்தரங்கத்தை நம்பி, சொன்னபடி காசை மறைவிலேயே வைத்திருந்தவர் யாரோ, அவர் தலையில்தான் நஷ்டம் விழும். வெளிப்படை முகவரியில் வைத்து விளையாடிய வியாபாரிக்கு ஒன்றும் ஆகாது.

அதற்குப் பிறகு நிறைய நடந்தது. நிறுவனம் எலக்ட்ரிக் காயின் கம்பெனி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2019இல் போ, ஜாக் கிரிக், டெய்ரா ஹாப்வுட் மூவரும் ஹேலோ என்ற முறையை வெளியிட்டார்கள். அதில் செட்டப் சடங்கே வேண்டாம், நச்சுக் கழிவும் இல்லை, பதிவுக் கோப்பும் இல்லை. 2022 மே 31 அன்று அதன் அடுத்த வடிவத்தோடு ஆர்ச்சர்ட் என்ற மூன்றாவது கிடங்கு திறந்தது. சாப்ளிங்கிலிருந்து அதற்குப் போகவும் தொகையைக் காட்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு புதுக் கிடங்கும் பழையதைத் தணிக்கை செய்கிற வாய்ப்பும்கூட. இதை 2018இல் யாராவது வடிவமைப்புக் கொள்கையாக உட்கார்ந்து எழுதினார்களா, அல்லது அந்தப் பயத்திலிருந்து வந்த பழக்கமா என்று எனக்கு ஒரு ஆர்வம் உண்டு.

ஸ்ப்ரௌட்டைப் பொறுத்தவரை, 2020 நவம்பரில் வந்த கனோபி அப்கிரேடு அதன் உள்வாசலை மூடிவிட்டது. இனி அதற்குள் புதிதாகக் காசு போட முடியாது, எடுக்க மட்டும் முடியும். அதற்குப் பிறகும் கொஞ்சம் காசு உள்ளேயே தங்கிவிட்டது. சாவியைத் தொலைத்தவர்கள், மறந்தவர்கள், ஒருவேளை பொறுமையாக இருப்பவர்கள். அவர்கள் எல்லோரும் வெளியே வந்து, ரெஜிஸ்டரில் கடைசி மூட்டைவரை சரியாக இருந்தால்தான் 2018 மார்ச்சுக்கு முன்னால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று கணக்கால் சொல்ல முடியும். தொலைந்த சாவிகள் திரும்பி வரப் போவதில்லை. அதனால் அந்தக் கணக்கு அப்படியே திறந்து கிடக்கிறது.